பியூட்டி பார்லர் பதிவும் உரிமமும்: எந்தக் காகிதம் முதலில், எது பிறகு

பார்லர் தொடங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்கப் போவது நாற்காலியும் கண்ணாடியும்தான். சுவருக்கு நிறம் அடித்து, திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, அழைப்பிதழும் அச்சான பிறகு என்னிடம் வந்து, “அக்கா, லைசென்ஸுக்கு எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும்?” என்று கேட்பார்கள். அதற்குள் அட்வான்ஸ் கைமாறியிருக்கும். அந்த இடத்துக்கு உரிமம் கிடைக்காது என்று தெரிந்தாலும் பின்வாங்க முடியாது.

என் இரண்டு கடைகளுக்கும், தெரிந்தவர்கள் சிலருடைய கடைகளுக்கும் இந்த வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன். விண்ணப்பங்கள் ஒன்றும் கடினமானவை அல்ல. ஒரு காகிதம் இன்னொன்றின் மேல் ஏறி நிற்கிறது என்பதுதான் சிக்கல். கீழே இருப்பது தமிழ்நாட்டில் நகர்ப்புறத்தில், வாடகை இடத்தில், ஒருவரே உரிமையாளராக, பத்துப் பேருக்குள் வேலைக்கு வைத்து நடத்தும் பார்லருக்கானது.

1. என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள்

முடி வெட்டுதல், த்ரெட்டிங், வேக்ஸிங், ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்த உரிமம் தேவை என்பதை இந்தப் பட்டியல்தான் முடிவு செய்யும்.

பட்டியலில் ‘ஸ்பா’, ‘மசாஜ்’ என்ற சொற்கள் வந்தால் நில்லுங்கள். மசாஜ் நிலையம் என்றால் காவல் துறையின் கண்காணிப்பு சேர்ந்துகொள்ளும். அங்கே கேமரா வைக்க வேண்டுமா கூடாதா என்பதில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகளிடமிருந்தே சில வார இடைவெளியில் இரு வேறு கருத்துகள் வந்தன. 2021 டிசம்பரில் ஓர் உத்தரவு கேமரா வேண்டும் என்றது. 2022 ஜனவரியில் மதுரைக் கிளை, உள்ளே கேமரா வைப்பது தனியுரிமையைப் பறிக்கும் என்றது. ஹேர் ஸ்பா செய்வதற்காகப் பலகையில் ‘ஸ்பா’ என்று எழுதி இந்த வம்பில் தலையைக் கொடுக்க வேண்டாம். விலைப்பட்டியலுக்குள் இருந்தால் போதும்.

‘கிளினிக்’ என்ற சொல்லும் அப்படித்தான். முகத்தில் ஊசி போடுவது, முடி மாற்று அறுவை எல்லாம் மருத்துவர் வேலை. அப்படிப்பட்ட இடம் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். மச்சம் எடுப்பதைச் சாதாரணமாக நினைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைத் தொடுவதில்லை.

படிப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழகுக்கலைஞராக வேலை செய்ய நம் நாட்டில் தனி உரிமத் தேர்வு கிடையாது. ஐடிஐயில் காஸ்மெட்டாலஜி படித்த சான்றிதழோ தனியார் பயிற்சிச் சான்றிதழோ இருந்தால் கடன் கேட்கும்போது உதவும். அது இல்லையென்று கடை திறப்பதை யாரும் தடுக்க முடியாது.

2. மானியக் கடன் வேண்டுமென்றால் மற்றதைத் தொடாதீர்கள்

மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போகும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்ற மானியக் கடன்கள் புதிய தொழிலுக்கு மட்டுமே. ஏற்கெனவே நடக்கும் கடைக்குக் கிடையாது.

கடையைத் திறந்து, உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவில் தொடங்கிய நாளையும் எழுதிவிட்டு, பிறகு விண்ணப்பித்தால் அந்த ஒரு தேதியே உங்களை வெளியே தள்ளிவிடும். ஆகவே இந்தக் கடன் வேண்டியவர்கள் திட்ட அறிக்கையுடன் முதலில் தொழில் மையத்துக்குப் போங்கள். வங்கி ஒப்புதல் வந்த பிறகே மற்ற படிகளுக்கு வாருங்கள். சிறுதொழிலுக்கு வங்கிகள் தரும் முத்ரா கடனுக்கு இந்தத் தடை இல்லை. நடக்கும் கடைக்கும் கேட்கலாம். அதில் ‘சிசு’ பிரிவு 50,000 ரூபாய் வரை, ‘கிஷோர்’ 5 லட்சம் வரை.

3. அட்வான்ஸ் கொடுக்கும் முன் சொத்து வரி ரசீதைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். உள்ளாட்சி தரும் தொழில் உரிமம் உங்கள் பெயரில் வந்தாலும், அது நிற்பது கதவு எண்ணின் மேல். கதவு எண்ணுக்கு அத்தாட்சி சொத்து வரி ரசீது.

வீட்டு உரிமையாளரிடம் கடைசியாகக் கட்டிய ரசீதைக் கேட்டு வாங்கி, நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ரசீதில் இருக்கும் பெயர். எனக்குத் தெரிந்த ஒரு பெண், பஸ் நிலையத்துக்குப் பின் தெருவில் அருமையான இடம் பிடித்தார். 80,000 ரூபாய் அட்வான்ஸ். தரை ஓடு மாற்றி, தண்ணீர்க் குழாய் இழுத்து, ஷாம்பு வாஷ் தொட்டியும் பொருத்தியாகிவிட்டது. அதற்குப் பிறகு ரசீதைக் கையில் வாங்கினால், வாடகை பேசியவரின் தகப்பனார் பெயர் இருந்தது. அவர் இறந்து ஆறு ஆண்டுகள். பிள்ளைகள் மூவர்; ஒருவர் துபாயில், இன்னொருவர் அண்ணனோடு பேச்சு வார்த்தை இல்லை. மூவரும் சம்மதக் கடிதம் கொடுத்தால்தான் விண்ணப்பம் நகரும். துபாய்க்காரர் கடிதம் வந்துவிட்டது. உள்ளூர்க்காரர் கையெழுத்துக்கு நான்கு மாதம் ஆனது. கடை பூட்டியபடியே நான்கு மாத வாடகை போனது.

கட்டடத்தின் பயன்பாடு. குடியிருப்பு என்று இருந்தால், கடை வைத்ததும் அது வணிகமாக மாற வேண்டும், வரி உயரும். கூடுதல் வரி யார் பொறுப்பு என்பதை வாடகை பேசும் நாளிலேயே பேசி முடியுங்கள். பிறகு பேசினால் அது உங்கள் தலையில்தான் விழும்.

நிலுவை. முந்தைய அரையாண்டுகளுக்கு வரி பாக்கி இருந்தால் உங்கள் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடக்கூடும்.

பழைய எண், புதிய எண். ரசீதில் ஒன்று, மின் கட்டண அட்டையில் ஒன்று, சுவரில் பெயிண்டால் எழுதியது ஒன்று என்று மூன்று எண்கள் இருப்பது நம் ஊர்களில் அதிசயமில்லை. ரசீதில் இருப்பதை எடுத்துக்கொண்டு, ‘பழைய எண்’ என்று இன்னொன்றையும் சேர்த்து, எல்லா விண்ணப்பத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

நகரத்தின் விளிம்பில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். தபால் முகவரியில் நகரத்தின் பெயர் இருக்கும். கதவு ஊராட்சி எல்லைக்குள் இருக்கும். வரி ரசீது எந்த அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறதோ, உரிமம் கேட்க வேண்டியதும் அங்கேதான்.

4. வாடகை ஒப்பந்தம்

20 ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு எழுதி நோட்டரி முத்திரை குத்தினால் முடிந்தது என்பது பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எந்த வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகாரியிடம் இணையவழியில் பதிந்து பதிவு எண் பெற வேண்டும். ஓராண்டுக்கு மேல் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டும்.

உள்ளே வண்ணம், குழாய், மின்கம்பி என்று லட்சக்கணக்கில் போடப் போகிறீர்கள். 11 மாதத்தில் வெளியேறச் சொன்னால் தொட்டியைப் பெயர்த்துத் தலையில் சுமக்க முடியுமா? மூன்று ஆண்டுகளுக்குக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் கட்டாயம் இருக்கட்டும்: இடத்தை அழகு நிலையம் நடத்தப் பயன்படுத்தலாம் என்பது, உரிமத்துக்கும் மின் இணைப்பு மாற்றத்துக்கும் உரிமையாளர் கையெழுத்திட்டுத் தருவார் என்பது, பெயர்ப் பலகை வைக்கும் இடம். முதல் வரி இல்லாமல் ‘வணிகப் பயன்பாட்டுக்கு’ என்று மட்டும் எழுதிய ஒப்பந்தத்தைக் காட்டி, “துணிக்கடை என்று நினைத்துத்தான் கொடுத்தேன்” என்று மல்லுக்கு நின்ற உரிமையாளரை நான் பார்த்திருக்கிறேன்.

5. பெயர்

அறிவுசார் சொத்து அலுவலகத்தின் வணிகச் சின்னப் பதிவேட்டில் யாரும் தேடிப் பார்க்கலாம். அழகு நிலையச் சேவை 44ஆம் வகுப்பில் வரும். பெரிய சங்கிலிக் கடைகளின் பெயருக்குப் பக்கத்தில் வரும் பெயர்களைத் தவிருங்கள்; பலகை மாட்டி ஓராண்டு கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தால் மாற்ற வேண்டியது பலகை மட்டும் இல்லை, எல்லாக் காகிதமும்.

சின்னமாகப் பதிய விரும்பினால் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. முதல் ஆண்டிலேயே அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

எழுத்துக்கூட்டலை முடிவு செய்து ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். ‘பியூட்டி பார்லர்’ என்று ஒன்றிலும் ‘பியூட்டி கேர்’ என்று மற்றொன்றிலும் இருந்தால் வங்கிக்காரர் இரண்டையும் வேறு வேறு கடை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

6. உத்யம் பதிவு

இது இலவசம். அரசின் உத்யம் தளத்தில் ஆதார் எண்ணும் பான் எண்ணும் போட்டு, ஆதாரோடு இணைத்த கைப்பேசிக்கு வரும் குறியீட்டைக் கொடுத்தால் அரை மணி நேர வேலை. அரசு முத்திரை போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு 1,500, 2,000 ரூபாய் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

தொழில் வகைக் குறியீடு 96020, ‘முடி திருத்துதல் மற்றும் பிற அழகுச் சேவை’. பலர் அழகுசாதனப் பொருள் விற்பனையின் குறியீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடன் கேட்கும்போது விழிக்கிறார்கள்.

ஓர் ஆளுக்கு ஒரு பதிவுதான். முன்பு தையல் கடைக்காக எடுத்திருந்தால், அதைத் திருத்திப் புதிய தொழிலைச் சேர்க்க வேண்டும். இன்னொன்று எடுக்க முயன்றால் ஏற்காது. அதற்காகக் கணவர் ஆதாரில் எடுக்காதீர்கள். கடன், வங்கிக் கணக்கு, பெண்களுக்கான சலுகை எல்லாம் பிறகு அவர் பெயரில்தான் ஓடும்.

உத்யம் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, உரிமம் வாங்கியாகிவிட்டது என்று இருப்பவர்கள் ஏராளம். அது நீங்கள் சிறுதொழில் செய்பவர் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவே. அந்த முகவரியில் கடை நடத்தலாம் என்று சொல்லும் அதிகாரம் உள்ளாட்சிக்கு மட்டும்தான்.

7. மின் இணைப்பு

வீட்டு இணைப்பில் பார்லர் நடத்துவது மாட்டிக்கொள்ளும் வரை இனிக்கும். மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவு, அனுமதியில்லாத பயன்பாட்டுக்கு உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு கணக்கிடச் சொல்கிறது. கணக்குப் பின்னோக்கியும் போகும். அந்த நோட்டீஸ் வீட்டு உரிமையாளர் பெயருக்கு வரும், சண்டை உங்கள் வாசலுக்கு வரும்.

வணிக இணைப்புக்கு மாற்ற உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அதனால்தான் ஒப்பந்தத்தில் அந்த வரியைக் கேட்டேன்.

விண்ணப்பிக்கும் முன் சுமையைக் கூட்டிப் பாருங்கள். ஒன்றரை டன் குளிர்சாதனம் சுமார் 1,500 வாட். வெந்நீர் கீசர் 2,000. ஹேர் டிரையர் இரண்டு என்றால் 3,000. ஸ்டீமர், வேக்ஸ் ஹீட்டர், விளக்குகள் இன்னொரு 1,000. மொத்தம் ஏழரை கிலோவாட். வீட்டுக்குப் போட்ட ஒருமுனை இணைப்பு இதைத் தாங்காது. மணப்பெண் தலைமுடி பாதி சுருட்டிய நிலையில் ஃபியூஸ் போன கதையை எந்த பார்லரில் கேட்டாலும் சொல்வார்கள். மும்முனை இணைப்புக்குச் சேர்த்தே விண்ணப்பியுங்கள். சுவர் பூசும் முன் இது முடிய வேண்டும். பூசிய பிறகு சுவரை உடைத்துக் கம்பி இழுப்பது இரட்டைச் செலவு.

8. தொழில் உரிமம்

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எதுவானாலும் அவரவர் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கையில் இருக்க வேண்டியவை: உங்கள் அடையாளச் சான்று, புகைப்படம், வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் சம்மதக் கடிதம், நடப்பு அரையாண்டுச் சொத்து வரி ரசீது, கடையின் அளவு காட்டும் எளிய வரைபடம். கட்டணம் பரப்பளவைப் பொறுத்தது. சதுர அடியைக் கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம். நேரில் வருபவர் கையில் அளவு நாடா இருக்கும்.

பார்க்க வரும் சுகாதார ஆய்வாளர் உங்கள் ஃபால்ஸ் சீலிங்கை நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். தண்ணீர் எங்கே போகிறது, குப்பை எங்கே சேர்கிறது, காற்றோட்டம் உண்டா என்று பார்ப்பார். ஷாம்பு வாஷ் தொட்டியின் கழிவுநீர் பாதாளச் சாக்கடையில் சேர வேண்டும். மழைநீர்க் கால்வாயில் விட்டால் அங்கேயே மறுப்பு. தொட்டியின் அடியில் முடி பிடிக்கும் சல்லடை வையுங்கள். பயன்படுத்திய பிளேடுகளை மூடியுள்ள தகர டப்பாவில் தனியே சேர்த்துக் கொடுங்கள். வெறும் பையில் போட்டால் குப்பை அள்ளுகிறவர் கை கிழியும். ஒரு தீயணைப்பான் சுவரில் தொங்கட்டும். அதன் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

உரிமத்தோடு தொழில் வரியும் அதே அலுவலகத்தில் வரும். அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டியது. ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. இரண்டும் ஒன்றென்று நினைத்து, வரி ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

9. நடப்புக் கணக்கு

தனி உரிமையாளர் கடைக்கு, கடையின் பெயரில் இரண்டு ஆவணங்களை வங்கி கேட்கும். உத்யம் ஒன்று, தொழில் உரிமம் இன்னொன்று. இதற்காக ஜிஎஸ்டி எடுக்கச் சொல்லும் வங்கி ஊழியர்களும் உண்டு. இரண்டு ஆவணங்கள் சரியாக இருந்தால் அது தேவையில்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அடுத்த வங்கிக்குப் போங்கள்.

10. ஜிஎஸ்டி: அவசரப்படாதீர்கள்

ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். மொத்த வரவு என்றால் கல்லாவில் விழும் முழுப் பணம். செலவு போக மிஞ்சுவது இல்லை. ஷாம்பு பாட்டில் விற்ற பணமும் இதில் சேரும். பொருள் மட்டும் விற்பவர்களுக்கு உரிய 40 லட்ச வரம்பு சேவையும் செய்கிற நமக்குப் பொருந்தாது.

2025 செப்டம்பர் 22 முதல் அழகுச் சேவைக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் நீங்கள் பொருளுக்கும் வாடகைக்கும் கட்டிய வரியை அதில் கழிக்க முடியாது. புதியவர்கள் தடுக்கி விழுவது இந்தப் பாதியில்தான்.

கணக்கு இப்படி. மாத வரவு ஒன்றரை லட்சம், ஆண்டுக்கு 18 லட்சம், பதிவு கட்டாயமில்லை. “பெரிய கடை மாதிரி தெரியும்” என்று நீங்களே விரும்பிப் பதிந்துகொள்கிறீர்கள். வாடகை 25,000. வீட்டு உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவில்லாதவர். 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாதவரின் வணிக இடத்தை வாடகைக்கு எடுத்த, ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், வாடகை மீதான 18 சதவீதத்தைத் தாமே கட்ட வேண்டும். மாதம் 4,500, ஆண்டுக்கு 54,000. திரும்பக் கிடைக்காது. பதிவு எடுக்காமல் இருந்திருந்தால் இந்தப் பணம் உங்கள் கையில் இருந்திருக்கும்.

வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே தை, வைகாசி முகூர்த்த மாதங்களில் வரவைக் கூட்டிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். பதிந்த பிறகு சான்றிதழைக் கடையில் மாட்டுங்கள், எண்ணைப் பலகையில் எழுதுங்கள். விற்கும் பொருள்களுக்கு விகிதம் வேறு: ஷாம்பு, தலை எண்ணெய்க்கு 5 சதவீதம், லிப்ஸ்டிக், நெயில் பாலிஷுக்கு 18.

11. வேலைக்கு ஆள் வைக்கும்போது

2024 ஜூலை முதல், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்கள் உள்ள கடைகள் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். பத்துப் பேர் என்றதும் இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீடும் வரும்: மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு, அந்த ஊதியத்தில் நீங்கள் 3.25 சதவீதம், அவர்கள் 0.75 சதவீதம். வருங்கால வைப்பு நிதி இருபது பேரிலிருந்து. பயிற்சிக்கு வரும் பெண்களைக் கணக்கில் சேர்க்காமல் ‘ஒன்பது பேர்தான்’ என்று காட்டும் தந்திரம் பழையது. ஆய்வுக்கு வருபவருக்கும் அது தெரியும்.

ஆள் குறைவென்றாலும் விடாதது ஒன்று உண்டு. அதே கடைகள் சட்டத்தின் 2021 திருத்தப்படி வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். காலை முதல் இரவு வரை நின்றபடியே த்ரெட்டிங் செய்யும் பெண்ணின் கணுக்காலைப் பார்த்தவர்களுக்கு இதற்குச் சட்டம் தேவையில்லை.

முகூர்த்த நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு மண்டபத்துக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். பெண்களை இரவு எட்டு மணிக்கு மேல் வேலைக்கு வைப்பதென்றால் எழுத்துப்பூர்வமான சம்மதமும் போக்குவரத்து ஏற்பாடும் இருக்கட்டும். ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கி வைத்தால் போதும்.

12. பலகை, பாட்டு, சொந்தத் தயாரிப்பு

பெயர்ப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், மற்ற மொழிக்கு 5:3:2 என்ற அளவு. பலகை செய்பவர் கணினியில் காட்டும் மாதிரியில் ஆங்கிலம்தான் பெரிதாக இருக்கும்; அச்சுக்குப் போகும் முன் மாற்றச் சொல்லுங்கள். பாதசாரி நடைபாதைக்கு மேல் நீண்டால் அகற்றுவார்கள்.

கடையில் சினிமாப் பாட்டு ஒலிப்பது பொது இடத்தில் ஒலிப்பதாகவே பதிப்புரிமைச் சட்டம் பார்க்கும். உரிமைதாரர் அமைப்புகள் கட்டணம் கேட்டு வரலாம்.

வீட்டில் காய்ச்சிய கூந்தல் எண்ணெய், அரைத்த முகப்பொடி இவற்றை உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் தடவுவது ஒன்று. பாட்டிலில் அடைத்து, கடைப் பெயரில் சீட்டு ஒட்டி விற்பது வேறு. இரண்டாவது அழகுசாதனப் பொருள் உற்பத்தி. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உற்பத்தி உரிமம் வேண்டும். பிற நிறுவனப் பொருளை வாங்கி விற்க அந்த உரிமம் தேவையில்லை. ஆனால் உற்பத்தியாளர் முகவரியோ, இறக்குமதிப் பதிவு எண்ணோ இல்லாத மலிவான ‘வெளிநாட்டு’ கிரீம்களை அலமாரியில் வைக்காதீர்கள்.

13. திறந்த பிறகு

எல்லா அசல்களையும் ஒரு கோப்பில் வைத்து, நகல்களைக் கடையில் வையுங்கள். கோப்பின் உள் அட்டையில் தேதிகளை எழுதுங்கள்: தொழில் உரிமம் காலாவதியாகும் நாள், தொழில் வரியின் இரண்டு அரையாண்டு, வாடகை ஒப்பந்தம் முடியும் நாள், தீயணைப்பான் நிரப்பும் நாள். உரிமத்தைக் கடைசி வாரத்தில் புதுப்பிக்கப் போனால் அதற்கும் நடப்பு அரையாண்டுச் சொத்து வரி ரசீது கேட்பார்கள். ஆகவே ஒரு மாதம் முன்னாலேயே வீட்டு உரிமையாளருக்குப் போன் செய்து, வரி கட்டியாகிவிட்டதா என்று கேளுங்கள். கட்டவில்லை என்பார். நீங்களே கட்டி, அந்த மாத வாடகையில் கழித்துக்கொள்ள ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.